இரங்கூனில் உட்கார ஓர் இடம்

1852ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆங்கிலேயர் இரங்கூனைக் கைப்பற்றியபோது, அவர்கள் கைக்கு வந்தது ஒரு நகரம் என்று சொல்வதற்கில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் நேர்ந்த பெருந்தீயிலும் பின்னர் நடந்த யுத்தத்திலும் எரிந்தது போக எஞ்சிய மூங்கில் வீடுகளும், வேலியேற்றத்தின்போது ஆற்றுநீர் புகுந்து நிற்கும் தாழ்நிலங்களும், வடக்கே சிங்குத்தர மேட்டின்மீது பொன்மயமாக நின்ற ஷ்வேடகோன் சைத்தியமும், தெற்கே சதுப்பின் நடுவே ஒரு சிறு திட்டின்மேல் நின்ற சூலே பகோடாவுமே அவர்கள் கண்ட காட்சி. 1755இல் அலௌங்பயா மன்னர், டகோன் என்று வழங்கிய பழைய ஊருக்கு யாங்கோன் என்று பெயர் சூட்டிய நாள் முதல் அது ஒரு துறைமுகமாக வளர்ந்து வந்ததாயினும், அதன் வாழ்க்கை முழுவதும் ஆற்றையும் பகோடாவையும் இணைத்த பாதைகளின் ஓரத்திலேயே நடந்து வந்தது.

இந்த நிலத்தின்மீது ஒரு புதிய நகரத்தை வரையும் வேலையை முதலில் டாக்டர் வில்லியம் மாண்ட்கோமரி ஏற்றார். அவருடைய யோசனையைத் திருத்தி விரித்து நிறைவேற்றியவர் லெப்டினன்ட் அலெக்ஸாண்டர் ஃப்ரேஸர். முன்னவர் சிங்கப்பூரில் நெடுங்காலம் வைத்தியராக இருந்து அந்நகரம் உருவானதை அருகிருந்து கண்டவர். பின்னவர் வங்காளப் படையின் பொறியாளர். சூலே பகோடாவை மையமாக வைத்து, ஆற்றை ஒட்டிக் கிழக்கு மேற்காகவும், ஆற்றை நோக்கி வடக்கு தெற்காகவும் அவர்கள் இழுத்த நேர்க்கோடுகள் இன்றும் மாறவில்லை. நூறடி அகலமுள்ள பெருவீதிகள், ஐம்பதடி வீதிகள், அவற்றின் இடையே எண்களையே பெயராகக் கொண்ட முப்பதடிச் சிறு தெருக்கள் என்று நகரம் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. மனைகளை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டே பள்ளத்தைத் தூர்த்துச் சாலையும் போடவேண்டும் என்பது சர்க்காரின் ஏற்பாடாகையால், அளந்த நிலத்தின் ஒவ்வோர் அடிக்கும் விலை ஏறிற்று; ஆற்றங்கரை மனைகளின் விலை தாங்காத பழைய குடிகள் நகரத்தின் ஓரங்களுக்கு ஒதுங்கினார்கள். விற்பனைக்கு வராமல் ஜனங்களுக்கென்று எஞ்சியவை பெரும்பாலும் தெருக்களும், சூலேக்குத் தென்கிழக்கே குளமும் சேறுமாகக் கிடந்த ஒரு துண்டு நிலமுமே. அந்தத் துண்டு நிலம் என்ன ஆயிற்று என்பதையும், அது போதாமையால் ஜனங்கள் தாமே தேடிக்கொண்ட வேறு இடங்கள் யாவை என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சேறு வடிக்கப்பட்டு, 1867–68இல் அங்கே ஒரு பூங்கா உருவாயிற்று. அப்போது பிரிட்டிஷ் பர்மாவின் சீஃப் கமிஷனராக இருந்த ஆல்பர்ட் ஃபிட்ச் என்பாரின் பெயரால் அது ஃபிட்ச் சதுக்கம் என வழங்கியது. பிற்காலத்தில் விக்டோரியா மகாராணியின் சிலையும் அதில் நிறுவப்பட்டது. அதனைச் சுற்றிலும் எழுபது ஆண்டுகளுக்குள் எழுந்த கட்டடங்கள், கீழ்த்திசை நாடுகளின் எந்தத் தலைநகருக்கும் அழகு சேர்க்கக் கூடியவை: 1911இல் முடிந்த செங்கல் நிற உயர்நீதிமன்றம், சீமைச் சாமான்கள் விற்ற ரோ கம்பெனியின் மாளிகை, இம்மானுவேல் தேவாலயம், பர்மியச் சிற்பி ஊ டின் பகோடா வேலைப்பாடுகளைக் கலந்து வகுத்து 1936இல் முடிந்த நகர மண்டபம். இத்தனை சிறப்பும் சூழ இருந்த அந்தச் சதுக்கத்துக்கு ஒரு குறையும் இருந்தது. அதன் விளிம்பில் நின்றவை கச்சேரிகளும் கடைகளும் தொழுமிடங்களுமே. திண்ணையிலிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, விளையாடும் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படியான வீடு ஒன்றும் அதன் முகத்தில் இல்லை. நடைபாதையும் புல்தரையும் பார்வைக்கு இனியவை. ஆனால் பார்ப்பதற்கென்று அமைத்த இடத்தில், வேலை ஒன்றும் இல்லாமல் வந்து உட்காருகிறவன் தன்னை அயலானாகவே உணர்வான். 1935இல் அதற்கு, ஆங்கிலேயரை எதிர்த்து 1825இல் தனுபியூவில் உயிர்நீத்த தளபதி மகாபந்தூலாவின் பெயர் வந்தது. 1948 ஜனவரி 4ஆந் தேதி தேசம் சுதந்தரம் அடைந்தபின், மகாராணியின் சிலை இருந்த பூங்காவில் சுதந்தர ஸ்தம்பம் எழுந்தது. பெயரும் சின்னமும் மாறின. சதுக்கம் அலங்காரமாக இருந்த நிலைமை அவ்வளவு எளிதில் மாறவில்லை.

அதே நகரத்தில், எந்தப் பொறியாளரும் பூங்கா என்று குறிக்காத ஓர் இடம், நூற்றாண்டுகளாகப் பொதுவெளியின் எல்லாக் காரியங்களையும் செய்துகொண்டிருந்தது. ஷ்வேடகோனின் பிராகாரத்தைச் சொல்கிறேன். நான்கு திசைகளிலிருந்தும் மூடிய படிக்கட்டுகள் வழியே ஏறி, இருபுறமும் பூவும் சந்தனமும் விசிறியும் பொம்மையும் விற்கும் கடைகளைக் கடந்து மேலே வந்தால், சலவைக்கல் பாவிய அந்தப் பரந்த வெளி கண்ணெதிரே விரிகிறது. பக்தி அதன் உயிர்நாடி, அதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே வருகிறவர்கள் எல்லாரும் எந்நேரமும் தொழுதுகொண்டே இருப்பதில்லை. சைத்தியத்தைச் சுற்றியுள்ள மண்டபங்களில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கொண்டுவந்த சோற்றை உண்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒரு தூணில் சாய்ந்திருக்கிறான். களைத்த கிழவர் உறங்குகிறார். காதலர்கள் சற்றே தள்ளி உட்கார்ந்து மெல்லப் பேசுகிறார்கள். நம் நவக்கிரக வழிபாட்டை நினைவூட்டும் வகையில், பிறந்த கிழமைக்கென்று தனித்தனியே அமைந்த எட்டுப் பீடங்கள் திசைதோறும் இருக்கின்றன. புதன்கிழமையை முற்பகல் பிற்பகல் என இரண்டாகப் பிரித்ததனால் எட்டு. தன் கிழமைப் பீடத்தில் தன் கையாலேயே நீர் வார்க்கும் ஒவ்வொருவனுக்கும் அந்தப் பெருவெளியில் தனக்கென்று ஒரு மூலை உண்டாகி விடுகிறது. மாலையில் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று, நீண்ட துடைப்பங்களைப் பிடித்து, ஒரே நடையில் பிராகாரத்தைப் பெருக்கிச் செல்வதைக் காண்பவர், இந்த இடம் ஏன் இத்தனை நூற்றாண்டாகத் துலங்குகிறது என்று வேறு யாரையும் கேட்கவேண்டியதில்லை. கூலிக்குப் பெருக்குவோர் அல்லர் அவர்கள்; புண்ணியம் கருதிப் பெருக்குவோர். விடியற்காலத்திலேயே திறந்துவிடும் அந்த வாசலில் உள்நாட்டு ஜனங்களுக்குக் கட்டணமும் இல்லை.

இவ்விடத்தின் மதிப்பை ஆட்சியாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். 1852இல் பட்டாளத்தை அங்கே ஏற்றிக் கோட்டையாக்கிய ஆங்கிலேயர், ஜனங்கள் வழிபட வருவதைத் தடுக்கவில்லையேனும், 1929 வரை, அதாவது எழுபத்தேழு ஆண்டுகள், படையை முற்றிலும் விலக்கிக் கொள்ளவில்லை. வெள்ளைக்காரர்கள் செருப்புக் காலுடன் பிராகாரத்தில் நடந்த வழக்கத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியே பர்மிய தேசிய உணர்ச்சியின் முதல் அலைகளில் ஒன்று. 1920 டிசம்பரில், புதிய சர்வகலாசாலைச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்யத் தீர்மானித்ததும் இந்தப் பிராகாரத்தில்தான்; அவர்கள் நினைவாக ஒரு ஸ்தம்பம் இன்றும் அங்கே நிற்கிறது. 1946 ஜனவரியில் சுதந்தரப் போராட்டத் தலைவர் ஆங் சான் பெருங்கூட்டத்தில் பேசியதும், 1988 ஆகஸ்டு 26ஆந் தேதி அவர் புதல்வி ஆங் சான் சூச்சி பல இலட்சம் ஜனங்களுக்கு முன் முதன்முதலாகப் பேசியதும் ஷ்வேடகோனின் அருகிலேயே நடந்தன. ஜனங்கள் கூடிப் பழகிய இடத்தில்தான் அரசியலும் கூடும். கூட்டம் நடத்துவதற்கென்றே அரசாங்கம் மைதானம் ஒன்றை வகுத்துக் கொடுத்தாலும், அன்றாடம் கால் பழகாத இடத்துக்கு ஆபத்து வேளையில் மனிதர் ஓடி வருவதில்லை.

உண்மையைச் சொல்லப் புகுந்தபின் இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 1938 ஜூலை 26ஆந் தேதி ஷ்வேடகோனில் கூடிய ஒரு கூட்டத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமே, நகரத்தின் கடைத்தெருவை அடைந்தபோது இந்தியருக்கெதிரான கலகமாக மூண்டது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1930 மே மாதத்தில், துறைமுக வேலைநிறுத்தம் ஒன்றன் முடிவில், வேலை இழந்த பர்மியத் தொழிலாளருக்கும் தெலுங்குத் தொழிலாளருக்கும் மூண்ட கைகலப்பு, தெருத்தெருவாகப் பரவிப் பல உயிர்களைக் குடித்தது. பசியும் போட்டியும் மண்டிய நகரத்தில், நடுவீதி எல்லாரையும் சேர்த்து வைப்பது போலவே எல்லாரையும் மோதவும் விடும்.

அந்தத் தெருக்களின் கதையில்தான் தமிழருக்குப் பெரும்பங்கு உண்டு. 1931இன் ஜனக்கணக்குப்படி இரங்கூனில் வாழ்ந்தோர் சுமார் நான்கு இலட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தெலுங்கர், வங்காளிகள், குஜராத்திகள், ஹிந்துஸ்தானிகள் ஆகியோரோடு தமிழர் பல்லாயிரவர். மொகல் தெருவில் நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்தன; ஒரே நீண்ட கூடத்தில் பல விலாசங்களின் பெட்டகங்களும் மேசைப்பலகைகளும் வரிசையாக இருக்க, மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அங்கேயே கணக்கெழுதி, அங்கேயே உண்டு, அங்கேயே படுத்தார்கள். வசதியுள்ளவர்களின் நிலையே இதுவானால், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், ரிக்ஷா இழுத்தவர்களும், அரிசி ஆலைகளில் வெந்தவர்களும் வாழ்ந்த விதத்தை என்னென்பது! மேஸ்திரிகள் பிடித்துக் கொடுத்த வாடகை அறைகளில் சட்டம் அனுமதித்ததைவிடப் பன்மடங்கு பேர் அடைக்கப்பட்டிருந்ததை, 1931இல் வெளிவந்த தொழிலாளர் ராயல் கமிஷனின் அறிக்கை கண்டித்து எழுதியிருக்கிறது. படுக்க இடமில்லாதவனுக்கு நடைபாதையே திண்ணை, தெருக்குழாயே குளியலறை, தெருமுனையே சபை. பூங்காவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வீடுள்ளவர்கள். வீடில்லாதவனுக்குப் பொதுவெளி ஓய்வுக்குரிய ஆடம்பரம் அன்று, வாழ்க்கையின் பாதி அறை அது. இந்த உண்மையை மறந்து வகுக்கும் எந்த நகரத் திட்டமும் ஏழையை முதலில் தள்ளிவிட்டுத்தான் அழகு தேடும்.

ஃப்ரேஸரின் பெயர் தாங்கியிருந்து இன்று அனவ்ரதா சாலை எனப்படும் வீதியில், 1871இல் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காளியம்மன் கோயில் இன்றும் நிற்கிறது. அதே வீதியில் வரதராஜப் பெருமாளுக்கும் ஓர் ஆலயம் உண்டு. கோயிலுக்குள் இடம் சிறிது. ஆனால் திருவிழாக் காலத்தில் உற்சவமூர்த்தி வெளியே எழுந்தருளியதும் தெருவே பிராகாரமாகி விடுகிறது. மேளம் கேட்டதும் மேல்மாடிகளிலிருந்து பர்மியரும் சீனரும் முஸ்லிம்களும் எட்டிப் பார்ப்பது அங்கே புதுமையன்று. பர்மியரும் தெருவை அப்படியே ஆண்டார்கள். மூங்கிலில் மேடை கட்டி, பாய் விரித்து, இரவெல்லாம் ப்வே என்னும் ஆட்டமும் பாட்டும் நடத்த அவர்களுக்கு அரங்கம் வேண்டியிருக்கவில்லை. ஒரு தெருவை அடைத்தால் போதும். தாகத்தால் வருந்தி வரும் வழிப்போக்கனுக்காக வீட்டு வாசலிலும் மரத்தடியிலும் மூடியிட்ட மண்பானைகளில் குளிர்ந்த நீர் வைப்பது அந்நாட்டில் பெரும் தருமம். சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் நம்மவருக்கு அதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஒரு பானை நீரும் ஒரு மரத்தின் நிழலும் இருந்துவிட்டால், அந்த நடைபாதையில் நிற்பதற்கு எவனும் காரணம் சொல்ல வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தேநீர்க் கடையைச் சொல்ல வேண்டும். இந்தியர்கள் கொண்டுபோன பாலும் சர்க்கரையும் கலந்த தேநீர், பர்மிய மண்ணில் வேரூன்றி, சமோசாவும் பலாட்டாவும் நூடுல்ஸும் ஒரே மேசையில் கிடைக்கும் ஒரு தனி ஸ்தாபனமாக வளர்ந்தது. முழங்கால் உயரங்கூட இல்லாத மேசைகள், அவற்றைச் சுற்றிச் சின்னஞ்சிறு முக்காலிகள், நடைபாதை முழுவதும் பரவிக் கிடக்கும். மேசைமேல் ஒரு குடுவையில் வெறுந்தேநீர் எப்போதும் இருக்கும். அதற்குக் காசு இல்லை. ஒரு கோப்பைத் தேநீரை வாங்கியவன் அந்த இலவச நீரைக் குடித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் உட்காரலாம். கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். அமெரிக்கர் வில்லியம் ஒயிட் என்பவர் நியூயார்க் நகரத்துச் சதுக்கங்களில் ஜனங்கள் எங்கே தங்குகிறார்கள், எங்கே தங்காமல் போகிறார்கள் என்று பல காலம் படமெடுத்து ஆராய்ந்து, 1980இல் ஒரு நூல் வெளியிட்டார். உட்கார வசதியுள்ள இடத்தில் ஜனங்கள் உட்காருகிறார்கள். நிழலும் நீரும் தின்பண்டமும் இருந்து, தெருவோடு ஒட்டியும் இருந்தால் இடம் நிறைகிறது. வெறும் விசாலமும் விலையுயர்ந்த கல்லும் யாரையும் இழுப்பதில்லை என்பது அவர் கண்ட முடிவு. இரங்கூனின் தேநீர்க் கடைக்காரர் இதனை ஆராயவில்லை. காலையில் கடை திறக்கும்போதெல்லாம் முக்காலிகளை எடுத்து வெளியே போட்டார், அவ்வளவே. அரசியல் இறுகிய நாட்களில் ஒற்றர்களும் அந்த முக்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள் என்பது வேறு செய்தி.

1941 டிசம்பர் 23ஆந் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடி நின்ற ஜனங்களே பெருவாரியாக மாண்டார்கள். பின்னர் இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாக மலைகளைக் கடந்து ஓடினர். இரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மா அந்த நடைப்பயணத்தை எழுதி வைத்தார். போனவர்களில் பலர் யுத்தத்துக்குப்பின் திரும்பினர். 1962இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி, கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கிய பிறகு, அவர்களிலும் பெரும்பகுதியினர் வெளியேறினார்கள். தெருக்களின் பெயர்கள் மாறின. மொகல் தெரு ஷ்வேபொந்தா ஆயிற்று. டல்ஹௌசித் தெரு மகாபந்தூலா சாலை ஆயிற்று. முக்காலிகள் மாறவில்லை.

நகரத்தின் வடக்கிலுள்ள ஏரிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். குடிநீர்த் தேவைக்காக ஆங்கிலேயர் அமைத்தவை அவை: ராயல் லேக்ஸ் எனப்பட்ட காண்டவ்ஜியும், 1880களில் விக்டோரியா ஏரி என்று உருவான இன்யாவும். காண்டவ்ஜியின் கரையில் பிற்காலத்தில் வேலியும் ஹோட்டலும் நுழைவுக் கட்டணமும் வந்தன. இன்யாவின் கரையோ, சர்வகலாசாலையை ஒட்டி, நீண்ட அணைமேடாகத் திறந்தே கிடந்தது. மாணவர்களுக்கு அதுவே உலகம். மாலையில் அந்த மேட்டில், வெயிலுக்கும் மழைக்கும் அல்லாமல் பிறர் கண்ணுக்கு மறைவாகக் குடையை விரித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் இளஞ்ஜோடிகளை யாரும் தொந்தரவு செய்வதில்லை. ஒண்டுக் குடித்தன நெருக்கடியில் வாழும் இளைஞர்களுக்கு அந்தக் குடையின் அடியில் கிடைத்த தனிமை பெரிது. அதே மேட்டில்தான் 1988 மார்ச் 16ஆந் தேதி, ஊர்வலமாக வந்த மாணவர்களைப் போலீஸ் படை அடித்து, பலர் ஏரியில் மூழ்கி மாண்டார்கள். ஆகஸ்டு 8ஆந் தேதி நகர மண்டபத்தின் முன்பும் மகாபந்தூலாப் பூங்காவின் அருகிலும் திரண்ட பெருங்கூட்டத்தின்மீது இரவில் துப்பாக்கி வெடித்தது.

அதன் பின் ஆண்ட இராணுவத்தார், நகரத்தின் நடுவில் குடிசை கட்டி வாழ்ந்த இலட்சக்கணக்கான ஏழைகளை ஹ்லைங்தாயா, ஷ்வேபியிதா, புதிய டகோன் முதலிய புறநகர்களுக்கு மாற்றினார்கள். சர்வகலாசாலைகள் பல காலம் மூடிக் கிடந்தன. பூங்காக்கள் வேலிக்குள் சென்றன. ஓர் அரசாங்கம் தன் குடிகளுக்கு அஞ்சத் தொடங்கினால், அந்த அச்சம் முதலில் வெளிப்படுவது இரும்புக் கம்பியாகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பியின் பக்கத்தில் நுழைவுச் சீட்டு விற்கும் கூண்டு வருகிறது. சீட்டு வாங்கியவனுக்கும் உள்ளே படுக்கக் கூடாது, விற்கக் கூடாது, கூடி நிற்கக் கூடாது என்ற பலகைகள் வருகின்றன. இவ்வளவும் வந்தபின், புல் பசுமையாகத்தான் இருக்கும், மிதிப்பவர் இல்லை.

2011க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் காற்று சற்றே மாறியது. மகாபந்தூலாப் பூங்காவின் உயர்ந்த வேலி நீங்கி, யாரும் கட்டணமின்றி நுழையலாயிற்று. 1867இல் தொடங்கிய அந்தப் பூங்கா, என் அபிப்பிராயத்தில், அப்போதுதான் மெய்யாகவே ஜனங்களுடையதாயிற்று. கச்சேரி விட்டு வந்த குமாஸ்தா சட்டைப் பொத்தானை அவிழ்த்துப் புல்லில் சாய்ந்தார்; வடை, மாங்காய், சூரியகாந்தி விதை விற்பவர்கள் விளிம்பில் உட்கார்ந்தார்கள்; பிள்ளைகள் பிரம்புப் பந்தை உதைத்துச் சின்லோன் ஆடினார்கள். புதிதாக ஒரு கட்டடமும் எழவில்லை. தடையை எடுத்தார்கள், ஜனங்கள் வந்தார்கள். அதே ஆண்டுகளில், மோட்டார்களின் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்ததனால், முப்பதடித் தெருக்கள் இருபுறமும் நிறுத்திய வண்டிகளால் அடைபட்டன. வீதியை அகலமாக்க நடைபாதைகளை வெட்டினார்கள். 2016இன் இறுதியில் நடைபாதை வியாபாரிகளில் பலரை ஆற்றங்கரைச் சாலையில் ஓர் இரவுச் சந்தைக்கு அனுப்பினார்கள். வாகனம் ஓட இது உதவியிருக்கலாம். ஆனால் வீட்டு வாசலில் வாங்கியவள் ஆற்றங்கரை வரை வருவாளா என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த ஆறு நகரத்துக்கு எட்டாக் கனியாகவே இருந்து வருகிறது. துறைமுகத்தின் கிடங்குகளும் மதில்களும் கரை நெடுக மறைப்பதால், ஆற்றினால் பிறந்த நகரம், சில படகுத் துறைகளைத் தவிர வேறெங்கும் ஆற்றைக் காண முடியாமல் நிற்கிறது. இரங்கூனுக்கு இன்னும் வரவேண்டிய பெரிய பூங்கா எதுவென்று என்னைக் கேட்டால், அந்தக் கரைதான் என்பேன்.

கொல்லைச் சந்துகளின் வரலாற்றை இறுதியாகச் சொல்கிறேன். இதுவே எனக்கு மிகுந்த உவகை தருவது. இரண்டு தெருக்களின் வீட்டு வரிசைகள் முதுகோடு முதுகாக நிற்கும் இடங்களில் ஒடுங்கிய சந்துகள் விடப்பட்டிருந்தன. கழிவுநீர் வடியவும், இரவில் மலத்தை எடுத்துச் செல்லும் தோட்டிகள் வந்து போகவும் ஏற்பட்டவை அவை. அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து, சிறப்பாகத் தெலுங்கு ஜில்லாக்களிலிருந்து, சென்ற ஏழைகள். நகரத்தின் முகத்தில் அவர்களுக்கு இடம் இல்லை, முதுகில்தான் இருந்தது. பாதாளச் சாக்கடை வந்தபின் சந்துகளுக்கு உபயோகம் குறைந்தது. மாடியில் குடியிருந்தோர் சன்னல் வழியே குப்பையை வீசி வீசி, அவை எலியும் கொசுவும் மண்டிய நரகமாயின. 2010களின் பிற்பாதியில், 'தோ எய்ன்' என்ற அமைப்பினர் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, ஒரு சந்தைச் சுத்தம் செய்து, வடிகாலை மூடி, சுவரில் வண்ணம் தீட்டி, தொட்டிகளில் செடி வைத்து, குழந்தைகள் விளையாடச் சறுக்குமரமும் அமைத்தார்கள். பிறகு மற்றொரு சந்து, அதன்பின் வேறொன்று என்று அது பரவிற்று. அங்கே நிழல் இருந்தது, இரு பக்கமும் வீடுகள் நெருங்கி நின்றதனால். வண்டி இல்லை, சந்து குறுகியதனால். அபாயமில்லை, ஒவ்வொரு சமையலறைச் சன்னலிலிருந்தும் ஒரு தாயின் கண் கீழே பார்த்துக் கொண்டிருந்ததனால். ஃபிட்ச் சதுக்கத்துக்கு என்ன குறைவாக இருந்ததோ, அது இந்தச் சந்துகளுக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. வர்ணம் தீட்டிப் போய்விடுவது எவருக்கும் எளிது. செடிக்கு நாள்தோறும் நீர் ஊற்றுகிற கை அந்தத் தெருவிலேயே குடியிருக்க வேண்டும். அத்தகைய கைகள் வாய்த்த சந்துகள் தழைத்தன. வாய்க்காத இடங்களில் குப்பை திரும்பியது.

2021 பிப்ரவரியில், இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியபின், சூலேயைச் சுற்றியும் ஹ்லேடான் சந்திப்பிலும் மீண்டும் பெருங்கூட்டங்கள் திரண்டன. மீண்டும் கம்பித் தடைகள் வந்தன. இனி நடப்பதை அந்நகரத்து ஜனங்கள் தீர்மானிக்கட்டும்.

நம்மால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளிலும், சென்னை வியாசர்பாடியிலும், அந்த நகரத்தின் தெருக்களில் வளர்ந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மனைகளின் அளவும் விலையும் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் இருக்கின்றன. எந்த மரத்தடியில் எந்த முக்காலி கிடந்தது, எந்த வாசலில் தண்ணீர்ப்பானை இருந்தது, காளியம்மன் எந்தெந்தத் தெரு வழியாக வலம் வந்தாள், பூங்காவுக்குள் போகத் தங்களுக்குத் துணிவு இருந்ததா என்பவை அவர்கள் நினைவில் மாத்திரமே இருக்கின்றன. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அத்தகைய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இரங்கூனின் பழைய தெருப்படம் ஒன்றை அவர்கள் முன் விரித்து, சாவகாசமாகக் கேட்டு, பழைய பெயர்களோடேயே எழுதி வையுங்கள்.